சின்ன அறைக்குச் சூடாகாத ஆம்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அறை பத்துக்குப் பதினொன்று. மொட்டை மாடிக்கு நேர் கீழே. சென்னை மே மாதத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கும் உள்ளே 34 டிகிரி காட்டும். அந்த அறையில் 180 வாட் இழுக்கும் கிளாஸ் ஏ ஆம்ப் (பாட்டின் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தரும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்றை வைத்து ஆறு வருஷம் பாட்டுக் கேட்டிருக்கிறேன். இப்போது அது பரணில் இருக்கிறது. அதன் இடத்தில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கிளாஸ் டி பெட்டி. வீட்டுக்கு வருகிற நண்பர்கள் அதைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளும், நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களும் இவை.

ஆம்ப் சூடாவது கோளாறா?

இல்லை. எல்லா ஆம்பும் சூடாகத்தான் செய்யும். பிளக்கிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு ஸ்பீக்கருக்குப் போகிறது, மீதி ஆம்புக்குள்ளேயே வெப்பமாகிறது. ஸ்பீக்கருக்குப் போனதாவது முழுக்க ஒலியாகிறதா என்றால் அதுவும் இல்லை. சாதாரண வீட்டு ஸ்பீக்கர் தனக்கு வந்ததில் நூற்றில் ஒரு பங்கைக்கூட ஒலியாக மாற்றுவதில்லை. மற்றதெல்லாம் ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச் சுருளில் சூடாகப் போய்விடும்.

ஆகவே கணக்கு சுலபம். பிளக்கில் எத்தனை வாட் இழுக்கிறதோ, அத்தனை வாட் ஹீட்டர் ஒன்று அறையில் எரிகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். அப்படியென்றால் நான் தனியாகப் பாட்டுக் கேட்ட ராத்திரிகளில் என்னோடு கிட்டத்தட்ட இரண்டு பேர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள். தெருச் சத்தத்துக்காக ஜன்னலை மூடி, காற்றாடிச் சத்தத்துக்காக அதையும் நிறுத்திவிட்டால், என் அறையில் இருக்கும் காற்றை 180 வாட் ஒரு மணி நேரத்தில் 18 டிகிரி ஏற்றிவிடும் என்று காகிதக் கணக்கு சொல்கிறது. சுவரும் தரையும் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்வதால் அவ்வளவு ஏறாது. ஆனாலும் 34 டிகிரியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் தெரியும்.

கிளாஸ் ஏ, ஏபி, டி என்கிறார்களே, சூட்டில் என்ன வித்தியாசம்?

தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிளாஸ் ஏ என்பது குழாயை எப்போதும் முழுக்கத் திறந்து வைத்திருப்பது. வேண்டியதைக் குடத்தில் பிடித்துக்கொள்கிறீர்கள், மீதி சாக்கடைக்குப் போகிறது. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் டிரான்சிஸ்டர்களில் மின்சாரம் அதே அளவு பாய்ந்துகொண்டிருக்கும். ஏட்டுக் கணக்கில்கூட அதன் திறன் 50 சதவீதத்தைத் தாண்டாது, அதுவும் முழுச் சத்தத்தில் ஓடும்போது மட்டும். நாம் வீட்டில் கேட்கும் அளவுக்கு அது ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். சேனலுக்கு, அதாவது இடது வலது ஒவ்வொரு பக்கத்துக்கும், 25 வாட் தரும் கிளாஸ் ஏ ஸ்டீரியோ ஆம்ப், பாட்டே போடாவிட்டாலும் 150 முதல் 200 வாட் வரை இழுப்பது சகஜம்.

கிளாஸ் ஏபியில் குழாய் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கும். வேண்டும்போது வேண்டிய அளவு திறக்கும். அந்தச் சொட்டுக்குத்தான் பயாஸ் கரண்ட் என்று பேர். பாட்டில்லாமல் இருக்கும்போது ஒரு நடுத்தர ஸ்டீரியோ ஆம்ப் 25 முதல் 40 வாட் இழுக்கும். நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான ஆம்ப்கள் இந்த வகைதான்.

கிளாஸ் டியில் குழாய்க்கு இரண்டே நிலை. முழுக்கத் திறப்பு, முழுக்க மூடல். அதை விநாடிக்குச் சில லட்சம் முறை செய்கிறது. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை மாற்றி மாற்றி ஒலியின் வடிவத்தைக் கட்டுகிறது. பாதி திறந்த குழாய் என்ற நிலை கிடையாது என்பதால் வீணாவதும் குறைவு. நன்றாக உழைக்கும்போது 85 முதல் 90 சதவீதத் திறன். சும்மா இருக்கும்போது சின்னப் பெட்டி என்றால் 5 முதல் 10 வாட். டி என்றால் டிஜிட்டல் என்று கடையில் சொல்வார்கள், தலையாட்டிவிட்டு வாருங்கள். ஏ, பி, சி முடிந்த பிறகு வந்த எழுத்து, அவ்வளவுதான்.

சத்தத்தைக் குறைத்து வைத்தால் சூடு குறையாதா?

கிளாஸ் ஏயில் குறையாது. சொல்லப்போனால் முழுச் சத்தத்தில்தான் அது உள்ளபடியே குறைவாகச் சூடாகும், ஏனென்றால் அப்போதுதான் ஒரு பங்காவது ஸ்பீக்கருக்குப் போகிறது. ஏபி ஆம்பில் குறைத்தால் சூடும் குறையும், ஆனால் அந்தச் சொட்டு அளவுக்குக் கீழே போகாது.

எனக்கு எத்தனை வாட் வேண்டும்? 100 வாட் வாங்கிவிடலாமா?

கொஞ்சம் கணக்குப் போடலாம். சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒன்றின் சென்சிட்டிவிட்டி 86 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபெல் கேட்கும். இரண்டு ஸ்பீக்கர் இருப்பதால் 3 கூட்டுங்கள். நீங்கள் 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதால் சின்ன அறையில் 4 கழியுங்கள். ஆக, சேனலுக்கு 1 வாட்டில் உங்கள் காதுக்கு 85 வந்துவிடும். 75 டெசிபெல் சராசரி என்பதே வீட்டில் தாராளமான சத்தம். அதற்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு போதும்.

அப்புறம் எதற்கு மீதி வாட்? மிருதங்கத்தில் ஒரு சாப்பு, தவிலில் ஓர் அடி, கோரஸ் முழுக்கச் சேரும் இடம். இவை சராசரிக்கு மேல் 20 டெசிபெல் எகிறலாம். 10 டெசிபெல்லுக்குப் பத்து மடங்கு மின்சாரம் வேண்டும், 20 என்றால் நூறு மடங்கு. 0.1 வாட்டை நூறால் பெருக்கினால் 10 வாட். கொஞ்சம் இடம் விட்டு 25 அல்லது 30 வாட் இருந்தால் சின்ன அறைக்கு நிறைவு. 50 இருந்தால் தாராளம். இந்தக் கணக்கைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பிஎம்பிஓ 2000 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய டேப்ரெக்கார்டர்களோடு வளர்ந்த தலைமுறை நாம். கையில் இருக்கும் ஆம்பில் நீங்களே அளந்து பார்த்தால் நம்புவீர்கள்.

100 வாட் வாங்கினால் தப்பில்லை. ஆனால் வாட் கூடும்போது உள்ளே ஓடும் வோல்டேஜும் கூடும், அதே சொட்டுக் கரண்டுக்கே சூடு கூடும். ஒரே ஆளுக்காகப் பேருந்தை ஓட்டுகிற மாதிரி.

குறைந்த வாட் ஆம்ப் எப்போதும் குறைவாகத்தான் சூடாகுமா?

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 8 வாட் தரும் 300பி வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழல் வைத்தது), 100 வாட் கிளாஸ் டியைவிடப் பல மடங்கு சூடாகும். வால்வு ஆம்பில் ஃபிலமென்ட் எரிவதற்கே தனிச் செலவு. ஓர் ஈஎல்34 வால்வின் ஃபிலமென்ட் 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் இழுக்கிறது, அதாவது ஒன்பதரை வாட். நாலு வால்வு என்றால் பாட்டு தொடங்கும் முன்பே 38 வாட். பார்க்க அழகு, அதை மறுக்கவில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே கேட்பது தனிச் சுகம். ஊட்டியில் வீடு இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

முன்னால் எழுதியிருக்கும் வாட்டை வைத்துச் சூட்டைக் கணிக்க முடியாது. பாட்டே இல்லாதபோது பிளக்கில் எவ்வளவு இழுக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நாம் கேட்கும் சத்தத்தில் எந்த ஆம்பும் கிட்டத்தட்ட அந்த அளவிலேயேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த அளவை எப்படித் தெரிந்துகொள்வது? பின்பக்கம் 220 வாட் என்று எழுதியிருக்கிறதே?

அது அந்த அளவு இல்லை. பின்பக்கத்து எண் பொதுவாக, முழுத் திறனில் எட்டில் ஒரு பங்கு சத்தத்தில் ஓட்டி அளந்த கணக்கு. அவ்வளவு சத்தத்தில் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

சில கம்பெனிகள் ஸ்பெசிஃபிகேஷனில் ஐடில் கன்சம்ப்ஷன் என்று தனியாகவே கொடுக்கின்றன. அது கொடுக்கப்பட்டிருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் அல்லது கரண்ட் அளக்கும் ஸ்மார்ட் பிளக் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஆம்ப் வாங்கப் போகும்போது அதை எடுத்துக்கொண்டே போகலாம். விற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை.

எதுவும் இல்லையா? வீட்டு ஈபி மீட்டர் இருக்கிறதே. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். பல மீட்டர்களில் 3200. வீட்டில் ஃப்ரிட்ஜ், மோடம் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆம்பை மட்டும் போடுங்கள். ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனை விநாடி என்று ஃபோனில் பாருங்கள். 1125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 28 விநாடி என்றால் சுமார் 40 வாட். என் கிளாஸ் ஏ ஆறு விநாடிக்கு ஒரு தரம் கண்ணடித்தது. மீட்டரில் 1600 என்று இருந்தால் 1125-க்குப் பதில் 2250. ஐந்தாறு சிமிட்டலை எண்ணிச் சராசரி எடுப்பது நல்லது. வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது அதைவிட நல்லது.

வெளிநாட்டு விமர்சனத்தில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். இங்கே கை வைக்க முடியவில்லையே?

அவர்கள் அறை 20 டிகிரி. நம் அறை 35. ஆம்பின் சூட்டைக் காற்றில் விடும் உலோகத் தகடான ஹீட் சிங்க் எப்போதும் சுற்றியிருக்கும் காற்றுக்கு மேல் இத்தனை டிகிரி என்ற கணக்கில்தான் ஏறும். ஒரு வாட்டுக்கு ஒரு டிகிரி ஏறும் ஹீட் சிங்க் ஒன்றில் 30 வாட் வீணாகிறது என்றால், லண்டனில் அது 50 டிகிரி. கையை வைத்து எடுக்கலாம். அதே பெட்டி இங்கே 65. தொட்டவுடன் கையை இழுத்துக்கொள்வீர்கள். ஆம்பில் எந்தக் கோளாறும் இல்லை, ஆரம்பப் புள்ளி மாறிவிட்டது.

கைச் சூட்டைவிட எனக்குக் கவலை உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களைப் பற்றித்தான். பழைய மெக்கானிக்குகள் கண்டென்சர் என்பார்கள். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கட்டைவிரல் கணக்கு. 105 டிகிரிக்கு 2000 மணி நேரம் என்று குறித்த கெபாசிட்டர் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். தினமும் நாலு மணி நேரம் கேட்டால் 22 வருஷம். அதுவே 75 டிகிரியில் ஓடினால் 11 வருஷம். மலிவான 85 டிகிரி வகையைப் போட்டிருந்தால் அதே 75-ல் மூன்று வருஷம்கூடத் தாண்டாது. அசெம்பிள் செட் வாங்குகிறவர்கள் மூடியைத் திறக்கச் சொல்லி, கெபாசிட்டர் மேல் 105 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

கிளாஸ் டி கேட்க நன்றாக இருக்காது என்கிறார்களே?

ஒரு காலத்தில் அது உண்மை. சப்வூஃபருக்கும் கார் செட்டுக்கும்தான் லாயக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2000-க்குப் பிறகுதான் நிலைமை மாறியது. டிரைபாத் கம்பெனியின் டிஏ2024 சிப்பை வைத்து வந்த விலை மலிவான பிளாஸ்டிக் பெட்டிகளைக் கேட்டுப் பெரிய ஆம்ப் வைத்திருந்தவர்களே வியந்துபோனார்கள். அந்தக் கம்பெனி 2007-ல் திவாலானது வேறு கதை. அதே காலத்தில் பிலிப்ஸில் இருந்த புரூனோ புட்சிஸ் யூசிடி என்ற வடிவமைப்பைக் கொண்டுவந்தார். பிறகு ஹைபெக்ஸ் கம்பெனியில் என்கோர் என்ற வடிவமைப்பு, அதற்கும் பிறகு பியூரிஃபை என்ற கம்பெனி. இவற்றின் அளவீடுகளுக்குப் பக்கத்தில் பெரும்பாலான ஏபி ஆம்ப்கள் நிற்காது. 1978-ல் 20 வாட் 3020 என்ற எளிய ஏபி ஆம்பை வைத்துப் பேர் வாங்கிய நேட் கம்பெனியே, 2013-ல் அந்தப் பேரைத் திரும்ப எடுத்தபோது டி 3020 என்று கிளாஸ் டியில்தான் செய்தது.

மலிவான கிளாஸ் டியில் இன்னும் ஒரு குறை உண்டு. வெளியே போகும் இடத்தில் காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்த ஒரு ஃபில்டர் இருக்கும். ஸ்பீக்கரின் ஓம் (மின்தடை) மாறினால் அந்த ஃபில்டரின் நடத்தையும் மாறும். அதனால் ஒரே ஆம்ப் ஒரு வீட்டில் மேல் ஸ்தாயியில் கூர்மையாகவும் இன்னொரு வீட்டில் மந்தமாகவும் கேட்கும். இரண்டு பேரும் இணையத்தில் சண்டை போடுவார்கள், இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஃபில்டருக்குப் பிறகு ஃபீட்பேக் எடுக்கும், அதாவது வெளியே போவதை அங்கே பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வடிவமைப்பில் இந்தத் தொல்லை பெரிதும் போய்விடும். வாங்கும் முன் இதை விசாரியுங்கள்.

என் காதுக்கு? கிளாஸ் ஏயில் வயலின் கேட்பதில் ஏதோ ஒரு குழைவு இருப்பதாக ஆறு வருஷம் சத்தியம் செய்திருக்கிறேன். நண்பர் ஒருவர் கண்ணைக் கட்டி, சத்த அளவைச் சமமாக்கி, மாற்றி மாற்றிப் போட்டார். பத்தில் ஆறு சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டாலே ஐந்து வரும்.

டிபிஏ3116, டிபிஏ3255 என்ற கிளாஸ் டி சிப் போட்ட சின்னப் பெட்டிகள் நிறைய வருகின்றனவே. எழுதியிருக்கும் 300 வாட் நிஜமா?

நிஜமில்லை என்று சொல்ல மாட்டேன். 4 ஓம் ஸ்பீக்கர், உச்ச வோல்டேஜ், 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) என்ற மூன்று நிபந்தனையும் சேர்ந்தால் வரும் எண் அது. 10 சதவீதம் என்பது காதைக் கிழிக்கும் கரகரப்பு.

உங்களுக்குக் கிடைக்கப்போவதை அடாப்டரின் வோல்ட்டை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அந்த வோல்ட்டை அதனாலேயே பெருக்கி 16-ஆல் வகுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதுதான் உச்ச வரம்பு. 24 வோல்ட் அடாப்டர் என்றால் 36 வாட். 32 வோல்ட் என்றால் 64. 48 என்றால் 144. நிஜத்தில் இதிலும் கொஞ்சம் குறையும். சின்ன அறைக்கு 32 வோல்ட்டே தாராளம் என்பது மேலே போட்ட கணக்கிலேயே தெரியும். பெரிய அடாப்டர் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

இந்தப் பெட்டிகளில் பழுதாவது பெரும்பாலும் சிப் இல்லை, கூட வரும் அடாப்டர். தரையில், திரைச்சீலைக்குப் பின்னால், காற்றே படாத இடத்தில் கிடந்து வெந்துபோகும். அதை மேலே எடுத்து வையுங்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வெறும் போர்டு வாங்கி நாமே பெட்டியில் பொருத்துவதும் நல்ல வழிதான், ஆனால் சிப் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஹீட் சிங்க்கை அட்டைப் பெட்டிக்குள் அடைத்துவிடாதீர்கள். கிளாஸ் டியும் மூச்சு விட வேண்டும்.

ஜி, ஹெச் என்று வேறு கிளாஸ்கள் உண்டாமே?

உண்டு. ஏபியேதான், ஆனால் சத்தத்துக்கேற்ப உள்ளே ஓடும் வோல்டேஜ் ஏறி இறங்கும். 1977 வாக்கில் ஹிட்டாச்சி இதை வீட்டு ஆம்பில் கொண்டுவந்தது. மேடைக் கச்சேரி ஆம்ப்களில் நிறைய வந்தது. சின்ன அறைக்கு வேண்டியதில்லை.

ஹோம் தியேட்டருக்கான ஏவி ரிசீவர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

இரண்டு ஸ்பீக்கருக்காக ஏழு சேனலுக்கும் பயாஸ் ஓடும், ஹெச்டிஎம்ஐ போர்டு தனியாக வேகும். சினிமா பார்ப்பதாக இருந்தால் சரி. பாட்டுக்கு மட்டும் என்றால் விற்றுவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் பழைய ஆம்ப்கள்?

நல்ல சரக்கு கிடைக்கும். ஆனால் அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட், ஜப்பான் ஆம்ப் 100 வோல்ட். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் அறையில் சூடாகும் இன்னொரு பெட்டி. கடையில் 110 என்று கொடுப்பதை ஜப்பான் ஆம்புக்குப் போட்டால் 10 சதவீதம் கூடுதல் வோல்டேஜ். அது உள்ளே எல்லா இடத்திலும் ஏறி, பாட்டில்லாத நேரத்துச் சூட்டையும் ஏற்றிவிடும். 100 வோல்ட்டுக்கே தனியாகச் சுற்றிக் கேளுங்கள்.

இதே தொல்லை 230 வோல்ட் ஆம்புக்கும் கொஞ்சம் உண்டு. ராத்திரி லைனில் 250 வரும் தெருக்கள் இருக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய ஆம்ப்கள் அப்போது கூடுதலாகக் கொதிக்கும். 100 முதல் 240 வரை தாங்கும் எஸ்எம்பிஎஸ் (கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் வரும் ஸ்விட்சிங் பவர் சப்ளை) வைத்தவை கண்டுகொள்ளாது.

எங்கே வைப்பது?

மேலே குறைந்தது ஒரு சாண் காலியாக இருக்க வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் கூடவே கூடாது. ஆம்ப் மேல் செட் டாப் பாக்ஸை வைக்காதீர்கள், ஆம்பையும் எதன் மேலும் ஒட்டி வைக்காதீர்கள். அம்மாக்களுக்கு ஒரு விண்ணப்பம்: தூசி விழும் என்று பூத்தையல் போட்ட துணியை அதன்மேல் போர்த்த வேண்டாம். அணைத்து ஆறிய பிறகு வேண்டுமானால் போர்த்திக்கொள்ளுங்கள்.

பல்லியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிசம்பர் ராத்திரியில் வெதுவெதுப்பான இடம் தேடி அது வருவது மேல்மூடியில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஆம்புக்குள்தான். அதற்கும் கேடு, ஆம்புக்கும் கேடு. ஓட்டைகளின் உள்பக்கம் கொசுவலை ஒட்டலாம் என்று தோன்றும். காற்றோட்டம் பாதியாகக் குறையும், தூசி அடைத்தால் அதுவும் போகும். ஒட்டினால் மாதம் ஒருமுறை பிரஷ் போடுங்கள்.

கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை வைத்துவிட்டால்?

வேலை செய்யும். 12 வோல்ட், 120 மில்லிமீட்டர் ஃபேனை 6 வோல்ட்டில் ஓட்டினால் சத்தமே கேட்காது, ஹீட் சிங்க் பத்து டிகிரிக்கு மேலேயே இறங்கலாம். சூடான காற்றை மேலே இழுத்து வெளியே தள்ளுகிற மாதிரி வையுங்கள். ஆனால் ஒன்று, இது ஆம்பைத்தான் ஆற்றும், அறையை இல்லை. 180 வாட் 180 வாட்தான். ஆம்பில் தங்கியிருந்தது கொஞ்சம் சீக்கிரமாக உங்கள் முகத்துக்கு வரும்.

கரண்ட் பில்லில் எவ்வளவு வித்தியாசம் வரும்?

தினமும் நாலு மணி நேரம், இரண்டு மாதப் பில் கணக்கு. 180 வாட் கிளாஸ் ஏ: 43 யூனிட். 35 வாட் ஏபி: 8 யூனிட். 10 வாட் டி: இரண்டரை யூனிட்டுக்கும் கீழே. ஏசி ஓடும் அறை என்றால் அந்தச் சூட்டை வெளியே தள்ள இன்னும் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். 43 யூனிட் பெரிய தொகை இல்லை. ஆனால் பில்லை அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளிவிட்டால் வீட்டில் விசாரணை நடக்கும். எங்கள் வீட்டில் நடந்தது.

எந்தச் சூடு ஆபத்தான சூடு?

இரண்டு சேனலும் ஒரே அளவு சூடாக இருப்பது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் கொதிப்பது இயல்பில்லை. பாட்டே இல்லாமல் ஏபி ஆம்ப் கை வைக்க முடியாமல் சுடுவதும் இயல்பில்லை. பயாஸ் தப்பாக வைத்திருக்கிறது, அல்லது டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் தடவிய வெள்ளைப் பேஸ்ட் காய்ந்துவிட்டது. இருபது வருஷ ஆம்பில் பேஸ்ட் காய்ந்திருப்பது சர்வ சாதாரணம், புதிதாகத் தடவினால் போதும்.

பயாஸ் விளையாட்டில்லை. டிரான்சிஸ்டர் சூடானால் அதே வோல்டேஜுக்குக் கூடுதல் கரண்ட் விடும். கரண்ட் கூடினால் இன்னும் சூடாகும். இந்தச் சுழற்சியைத் தடுக்கத்தான் ஹீட் சிங்க் மேலேயே ஒரு காவல் டிரான்சிஸ்டரை ஒட்டி வைத்திருப்பார்கள். சர்வீஸுக்குக் கொடுத்த என் ஏபி ஆம்ப் ஒன்று, அந்தக் காவல்காரனைத் திரும்ப ஒட்டாமலேயே வீட்டுக்கு வந்தது. கடைக்காரர் 20 டிகிரி ஏசி அறையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துக் கொடுத்திருந்தார், அங்கே ஒன்றும் ஆகவில்லை. என் அறையில் ஒன்றரை மணி நேரத்தில் வாசனை வந்தது. நான் பிளக்கைப் பிடுங்குவதற்குள் ஒரு பக்க அவுட்புட் ஷார்ட் ஆகி, ஸ்பீக்கருக்கு டிசி போய், வூஃபர் காயில் கருகிவிட்டது. ஆம்பைச் சரிசெய்த செலவைவிட வூஃபருக்கு ஆன செலவு இரண்டு மடங்கு. அதனால் சர்வீஸ் செய்து வரும் ஆம்பை நீங்கள் கேட்கும் அறையிலேயே, பழைய ஸ்பீக்கர் ஒன்றில் மாட்டி, இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுங்கள்.

கிளாஸ் ஏ மேல் ஆசை விடவில்லை. வழியே இல்லையா?

சின்னதாகச் செய்துகொள்ளுங்கள். 1969-ல் ஜான் லின்ஸ்லி ஹூட் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் எழுதிய 10 வாட் கிளாஸ் ஏ சர்க்யூட்டை இன்றைக்கும் ஆசைப்பட்டுச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நாலே நாலு டிரான்சிஸ்டர். 27 வோல்ட்டில் 1.2 ஆம்பியர், சேனலுக்கு 32 வாட் சூடு. இரண்டு சேனலுக்கு 65. 89, 90 டெசிபெல் ஸ்பீக்கர் இருந்தால் பத்து வாட் எதேஷ்டம்.

அல்லது என்னைப் போல. மார்கழி பிறந்ததும் பரணிலிருந்து இறக்குவேன். விடியற்காலை ஐந்து மணி, போர்வையோடு உட்கார்ந்து வாய்ப்பாட்டு. அறை அளவாக இளஞ்சூட்டில் இருக்கும். பொங்கல் முடிந்ததும் திரும்ப மேலே.

நீங்கள் இன்று வாங்குவதாக இருந்தால்?

32 வோல்ட்டில் ஓடும், ஃபில்டருக்குப் பிறகு ஃபீட்பேக் எடுக்கும் கிளாஸ் டி பெட்டி ஒன்று. ஆம்பில் மிச்சமாகும் காசை ஸ்பீக்கரில் போடுவேன், ஏனென்றால் அங்கேதான் வித்தியாசம் கண்ணைக் கட்டினாலும் தெரியும். கைக்கு அடக்கமாக இருப்பது பிடிக்காது, வால்யூம் திருகினால் கனமாக இருக்க வேண்டும் என்கிறவர்களுக்கு, 40 வாட் அளவில் ஒரு ஏபி இன்டக்ரேடட் (எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய ஆம்ப்), பிளக்கில் 30 வாட்டுக்கு மேல் இழுக்காததாகப் பார்த்து. 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் ஏபி பக்கம் போனால் இன்னும் கவனம் தேவை, கரண்ட் இரட்டிப்பாகும், சூடும் கூடவே வரும்.

பக்கத்தில் ரேடியோ வைத்தால் இரைகிறதே?

கிளாஸ் டி ஓடும் வேகம் விநாடிக்கு நாலு லட்சம், ஆறு லட்சம் தடவை என்ற கணக்கில் இருக்கும். மீடியம் வேவ் தொடங்கும் இடமும் அங்கேதான். ரேடியோவை அடுத்த அறைக்கு மாற்றுங்கள். எஃப்எம்முக்குப் பொதுவாகத் தொந்தரவு இல்லை.

கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

கிளாஸ் டியைத் தாராளமாக. 10 வாட் என்பது ஓர் எல்இடி பல்பு. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்பைப் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் போட்டால் டிரான்ஸ்ஃபார்மரே உறுமும், வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சூடாகும். சைன் வேவ் என்றால் சரி. காற்றாடிக்கும் ஆம்புக்கும் சேர்த்து பேட்டரி வருமா என்ற சந்தேகம் இருந்தால், காற்றாடியை ஓட்டுங்கள்.